ழார்நாக்கின் வெட்டு: அடி விழுவதற்கு முன்பே முடிந்துபோன ஒரு சண்டை

1547 ஜூலை 10. பாரிஸுக்கு மேற்கே சேன் ழெர்மேன் ஆன் லே அரண்மனையை ஒட்டி வேலி கட்டிய களம். பிரான்ஸ் மன்னர் இரண்டாம் ஹென்றியும் அரசவை மொத்தமும் உட்கார்ந்து பார்க்கிறார்கள். ழார்நாக் பிரபு கீ ஷபோ, தன்னைவிட இளையவரும் பலசாலியும் பேர்போன மல்லருமான பிரான்சுவா த விவோனை எதிர்த்து நிற்கிறார். தலைக்கு ஒரு பாவ்லா, எதிராளியின் கேடயம் மேலே போகிறது, வாள் கீழே இறங்கி இடது முழங்காலின் பின்மடிப்பில் படுகிறது. உடனே அதே இடத்தில் இன்னொன்று, இந்த முறை ஆழமாக. விவோன் விழுந்தார், அதற்குப் பிறகு அவர் எழுந்து நிற்கவே இல்லை.

பழைய ஐரோப்பிய வாள்வீச்சைப் பயில்பவர்களில் இந்தச் சண்டையைக் கேள்விப்படாதவர்கள் குறைவு. ஆனால் பெரும்பாலானவர்கள் இதிலிருந்து எடுத்துக்கொள்வது அந்த ஒரு அசைவை மட்டும்தான்: மேலே காட்டு, கீழே வெட்டு. பயிற்சிக் கூடத்துக்குப் புதிதாக வந்தவர்கூட ஒரு மாலைக்குள் அதைக் கற்றுவிடலாம், மறுநாள் ஸ்பாரிங்கில், அதாவது பயிற்சிச் சண்டையில், அதைச் செய்யப்போய் தலையில் வாங்கிக்கொண்டு வருவார். ஏனென்றால் காலை வெட்டுவது, சாதாரணச் சூழலில், வாள்வீச்சிலேயே மோசமான யோசனைகளில் ஒன்று. அப்படிப்பட்ட அடி அன்று ஏன் வேலை செய்தது என்பதுதான் எனக்கு முக்கியமான கேள்வி. அடியைப் பார்த்தால் விடை கிடைக்காது, அதற்கு முந்தைய ஒரு மாதத்தைப் பார்க்க வேண்டும்.

சண்டை எதற்கு

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஹென்றி அப்போது இளவரசர், அப்பா முதலாம் பிரான்சுவா மன்னர். அரசவையில் இரண்டு கோஷ்டி. ஒன்று மன்னரின் காதலி எத்தாம்ப் சீமாட்டியைச் சுற்றி, மற்றொன்று இளவரசரின் காதலி டியான் த புவாத்தியேயைச் சுற்றி. ழார்நாக்கின் மனைவி எத்தாம்ப் சீமாட்டியின் தங்கை, ஆகவே அவர் எந்தப் பக்கம் என்பது சொல்லாமலே எல்லோருக்கும் தெரியும். ழார்நாக் நல்ல துணிமணியோடு தாராளமாகச் செலவு செய்து வாழ்கிறாரே, பணம் எங்கிருந்து வருகிறது என்ற பேச்சு எழுந்தது. மாற்றாந்தாய் கொடுக்கிறார் என்பது பதில். அது வாய் மாறி, அவருக்கும் மாற்றாந்தாய்க்கும் தகாத உறவு என்ற வதந்தியாக வளர்ந்தது, இளவரசர் வட்டத்திலிருந்தே அது பரவியது. இதைச் சொன்னவன் பொய்யன் என்று ழார்நாக் பகிரங்கமாக அறிவித்தார். பொய்யன் என்ற சொல் அன்றைய பிரபுக்களுக்குள் வாளை உருவ வைக்கும் சொல். ஆனால் அது போய் விழுந்தது இளவரசர் மேல், அவர் ஒரு பிரபுவோடு களத்தில் இறங்க முடியாது. அப்போதுதான் அவருடைய நண்பர் விவோன் முன்னே வந்து, ழார்நாக் என்னிடம்தான் அப்படிப் பெருமையடித்துக்கொண்டார் என்று விஷயத்தைத் தன் தலையில் ஏற்றிக்கொண்டு ழார்நாக்குக்குச் சவால் விட்டார்.

முதலாம் பிரான்சுவா இந்தச் சண்டைக்கு அனுமதி தரவில்லை. 1547 மார்ச் 31-ல் அவர் இறந்தார். எத்தாம்ப் சீமாட்டி அரசவையை விட்டு விரட்டப்பட்டார், ஹென்றி மன்னரானார், ஜூனில் அனுமதி வந்தது. ழார்நாக்குக்குக் கிடைத்தது ஒரு மாதம். மன்னர் எதிர்ப்பக்கம், அரசவையில் பாதிக்கு மேல் எதிர்ப்பக்கம், எதிரில் நிற்பவர் அந்தத் தலைமுறையின் சிறந்த சண்டைக்காரர்களில் ஒருவர்.

யாரோடு யார்

விவோனுக்கு வயது முப்பதுகூட ஆகவில்லை. போர்களில் அடிபட்டு எழுந்தவர், மல்யுத்தத்தில் அவரைப் பிடித்து நிற்க ஆள் இல்லை என்று பெயர். ழார்நாக் முப்பதைத் தாண்டியவர், உயரம் இருந்தாலும் உடல் வலுவில் விவோனுக்கு ஈடில்லை. விவோனுக்கு ஒரே ஒரு குறை, போர்க்களத்தில் பட்ட காயத்தால் வலது கை முழுதாகத் தேறவில்லை என்று அவருடைய அக்காள் மகன் பிராந்தோம் பிற்பாடு எழுதினார். மருமகன் மாமாவுக்காக எழுதியது என்பதை மனதில் வைத்துக்கொண்டுதான் அதைப் படிக்க வேண்டும். ஆனாலும் வாள் பிடிக்கும் கையில் பழைய காயம் என்பது நம்பக்கூடியதுதான், படைவீரர்களுக்கு அது சர்வசாதாரணம்.

விவோன் இந்தச் சண்டைக்கென்று தனியாக எதுவும் தயாராகவில்லை என்றுதான் பதிவுகள் சொல்கின்றன. ஜெயித்த பிறகு நண்பர்களுக்குக் கொடுக்க வேண்டிய விருந்தைத்தான் அவர் தடபுடலாக ஏற்பாடு செய்திருந்தார், களத்துக்குப் பக்கத்திலேயே கூடாரம் போட்டுச் சமையல் நடந்தது. அவரை நான் முட்டாள் என்று சொல்லமாட்டேன். தன் திறமை தனக்குத் தெரியும், எதிராளியின் திறமையும் தெரியும், இரண்டையும் ஒப்பிட்டு முடிவுக்கு வந்தார். அவர் கணக்கில் எடுத்துக்கொள்ளாதது, அந்தத் திறமையை எந்த நிபந்தனைகளுக்குள் காட்டப் போகிறோம் என்பதைத்தான்.

ழார்நாக் வேறு வழியில் போனார். கைசோ என்று பெயர் சொல்லப்படும் இத்தாலிய வாளாசான் ஒருவரை அமர்த்திக்கொண்டு அந்த ஒரு மாதத்தைக் கழித்தார்.

ஆயுதத் தேர்வுதான் முதல் அடி

சவால் விடப்பட்டவருக்கு ஆயுதம் தேர்ந்தெடுக்கும் உரிமை உண்டு. தேர்ந்தெடுப்பவர் ஒவ்வொன்றையும் இரண்டிரண்டாகக் கொண்டுவர வேண்டும், இருவருக்கும் ஒரே மாதிரி. ழார்நாக் இந்த உரிமையைக் கடைசிச் சொட்டு வரை பிழிந்தார். முதலில் எதிர்த்தரப்புக்கு அனுப்பிய பட்டியலிலேயே குதிரைச் சண்டைக்கும் காலாட்சண்டைக்குமாக எத்தனையோ வகை ஆயுதங்களும் கவசங்களும் இருந்தன, அத்தனைக்கும் தயாராக வேண்டிய நிலை விவோனுக்கு. எதைக் கொண்டு சண்டை என்பது அன்றைய தினம் வரை நிச்சயமாகத் தெரியாது.

களத்தில் கடைசியாக வந்தவை: வெட்டவும் குத்தவும் ஆகும் ஒரு கை வாள், பெரிய எஃகுக் கேடயம், ஆளுக்கு இரண்டு குத்துவாள், தலைக்கவசம், சங்கிலிக்கவசம். அப்புறம் ஒன்று, இதுதான் விஷயமே: இடது கைக்கு முழங்கையில் மடங்காத இரும்புக் கைக்கவசம். சாதாரணக் கைக்கவசத்தில் முழங்கை மடங்கும்படி மூட்டு இருக்கும், இதில் இல்லை. போட்டுக்கொண்டால் கை நீட்டியபடியே நிற்கும்.

விவோனின் தரப்பு கடுமையாக ஆட்சேபித்தது. அவருக்குத் துணை நின்றவர், பிற்காலத்தில் கீஸ் பிரபுவாகப் பெயர்பெற்ற பிரான்சுவா. ழார்நாக்குக்குத் துணை நின்றவர் குளோத் கூஃபியே. ஒவ்வொரு உருப்படியும் நடுவர்கள் முன் எடுத்து வைக்கப்பட்டு, பார்க்கப்பட்டு, வாதாடப்பட்டது. காலையில் தொடங்கிய சடங்குகள் இப்படியே இழுத்து, சண்டை ஆரம்பிக்கும்போது சூரியன் சாயத் தொடங்கிவிட்டது. பெரும் தளபதி மோன்மொரென்சி தலைமையில் இருந்த நடுவர்கள் கடைசியில் ழார்நாக் கொண்டுவந்ததை ஏற்றார்கள்.

அந்தக் கைக்கவசம் என்ன செய்கிறது என்று பாருங்கள். மல்யுத்தத்துக்கு வேண்டியது மடங்கும் முழங்கை. எதிராளியின் கழுத்தை, இடுப்பை, கையை வளைத்துப் பிடித்து உங்கள் பக்கம் இழுக்க வேண்டும். நீட்டிய கட்டை மாதிரி இருக்கும் கையால் தள்ளலாம், அணைக்க முடியாது. ஒரு இரும்புத் துண்டால் விவோனின் மிகப் பெரிய பலம் களத்துக்கு வெளியே நின்றுவிட்டது. ழார்நாக்குக்கும் அதே தடை உண்டு, ஆனால் அவருக்கு மல்யுத்தம் வேண்டாம், அவர் இழந்தது ஒன்றுமில்லை.

இன்னொரு விளைவும் இருக்கிறது, இதைப் பற்றி எழுதுபவர்கள் அதிகம் கவனிக்காதது. கேடயம் இருப்பதும் அதே இடது கையில்தான். எங்கள் கூடத்தில் முழங்கை மடங்காதபடி கையில் பலகை வைத்துக் கட்டி, பெரிய வட்டக் கேடயத்தோடு இதைச் செய்து பார்த்திருக்கிறோம். சாதாரணமாகக் கேடயத்தை உயர்த்தும்போது முழங்கை மடங்கி, கேடயம் நெற்றிக்குப் பக்கத்தில் வந்து நிற்கும், ஒரு அங்குலம் விலக்கி எட்டிப் பார்க்கலாம், சட்டென்று இறக்கலாம். முழங்கை மடங்காவிட்டால் தோளிலிருந்து மொத்தக் கையும் எழும்ப வேண்டும். கேடயம் முகத்துக்கு முன்னால் ஒரு கை நீளத்தில் போய் நிற்கிறது. போட்டிருப்பவருக்கு எதிராளியின் இடுப்புக்குக் கீழே எதுவும் தெரிவதில்லை. திரும்ப இறக்கும்போது அந்த எடை முழுவதும் தோள் மூட்டில் தொங்குகிறது, பயிற்சி இல்லாதவர் இறக்கும்போது உடம்பும் சேர்ந்து முன்னால் சாய்கிறது. இப்படி ஒரு கேடயத்தைத் தலைக்கு மேல் தூக்க வைத்துவிட்டால், அடுத்த ஒரு கணம் எதிராளியின் கால்கள் உங்களுடையவை.

ழார்நாக்கும் கைசோவும் இதையெல்லாம் இப்படியே கணக்குப் போட்டார்களா என்று கேட்டால், மல்யுத்தத்தைத் தடுப்பது நிச்சயமாகத் திட்டம். கேடயம் பற்றியது என் கணிப்பு. ஆனால் ஒரு மாதம் அதே கவசத்தைப் போட்டுக்கொண்டு பழகியவருக்கு அது கண்ணில் படாமல் போயிருக்காது.

காலை வெட்டுவது ஏன் தப்பு

இங்கே கொஞ்சம் அளவு பார்க்க வேண்டும். தோள் தரையிலிருந்து 140 சென்டிமீட்டர் என்று வையுங்கள். தோளிலிருந்து நீட்டிய கையும் வாளுமாக 150. தோள் உயரத்திலேயே நேராக நீட்டினால் முழு 150-ம் எதிராளியை நோக்கிப் போகிறது. முழங்கால் மடிப்பு தரையிலிருந்து சுமார் 45-ல் இருக்கிறது. அங்கே இறங்க வேண்டுமென்றால் வாள்முனை 95 சென்டிமீட்டர் கீழே போக வேண்டும், அப்போது முன்னோக்கிக் கிடைப்பது ஏறத்தாழ 116 மட்டும். 34 சென்டிமீட்டர் காணாமல் போகிறது. முழங்காலை மடக்கி உடம்பைத் தாழ்த்தினால் கொஞ்சம் மீட்கலாம், ஆனால் முழுதும் மீளாது, தலையும் அல்லவா கூடவே முன்னால் போய் நிற்கிறது.

எதிராளியின் முன்கால் அவர் தலையைவிட நமக்குப் பக்கத்தில் இருக்கிறதே, அது எட்டாதா என்று கேட்கலாம். எட்டும், அவர் காலை அங்கேயே வைத்திருக்கும் வரை. முன்காலைப் பின்காலோடு இழுத்துச் சேர்த்துக்கொண்டே தலையில் ஒரு வெட்டு, அவ்வளவுதான். உங்கள் வாள் காற்றில், அவர் வாள் உங்கள் மண்டையில். ஜெர்மன் நீள்வாள் மரபில், அதன் மூல ஆசானாகக் கருதப்படும் லீக்டெனாவரின் பாடல்வரிகளிலேயே இதற்கென்று தனிப் பாடம் இருக்கிறது: கீழே குறிவைப்பவனை மேலே எட்டி அடி, அவன் அவமானப்படுவான் என்ற பொருளில். உரை எழுதியவர்களும் அதையே விளக்குகிறார்கள், கீழ்வெட்டைத் தடுக்கப் போகாதே, நேராக மேலே அடி என்று. எங்கள் ஆசான் புதியவர்களுக்குக் காலை இலக்காகக் காட்டுவதே இல்லை, தலையையும் கையையும் காத்துக்கொள்ளக் கற்ற பிறகுதான். அது சரியான வரிசை என்றே நினைக்கிறேன்.

இத்தாலிய ஒற்றைவாள் மரபில் காலுக்கு இறங்கும் வெட்டுகள் தாராளமாக உண்டு. 1531-ல் வெனிஸில் அச்சான மாஞ்சொலினோவின் நூலிலும், 1536-ல் மொதேனாவில் அச்சான மரோட்ஸோவின் நூலிலும் பார்க்கலாம், முகத்துக்கு ஒன்று காலுக்கு ஒன்று என்று ஜோடி ஜோடியாக வரும். கூர்ந்து படித்தால் காலுக்குப் போகும் வெட்டு பெரும்பாலும் தனியாக வருவதில்லை. முன்னால் ஏதோ ஒன்று எதிராளியின் கையையும் கண்ணையும் மேலே இழுத்திருக்கும், பின்னால் வெளியேறும் அடிவைப்பும் தலையை மூடும் தடுப்பும் இருக்கும். மூன்றில் நடுவிலுள்ள ஒன்றை மட்டும் உருவி எடுத்தால்தான் ஆபத்து.

இப்போது ஜூலை 10-க்கு வருவோம். காலை வெட்டுவதில் உள்ள அபாயங்கள் ஒவ்வொன்றும் அன்று மழுங்கியிருந்தன. தலையில் கவசம், ஆகவே மேலிருந்து பதிலடி வந்தாலும் மண்டை உடனே பிளக்காது. எதிராளி பாய்ந்து பாய்ந்து வருபவர், ஆகவே தூரத்தை அவரே குறைத்துக்கொடுப்பார், 34 சென்டிமீட்டர் கவலை இல்லை. கேடயத்தை முன்வைத்து முன்னேறுபவரின் இடது கால்தான் பெரும்பாலும் முன்னால் இருக்கும், வெட்டு விழுந்ததும் அந்தக் காலில்தான். கேடயம் மேலே போனால் அவருக்குக் கீழே தெரியாது, தெரியாத வெட்டிலிருந்து காலை இழுத்துக்கொள்ளவும் முடியாது. அவருடைய வாள்கையில் பழைய காயம் இருந்தது உண்மையென்றால் பதிலடியும் தாமதமாகவே வரும்.

முழங்காலின் பின்பக்கம் வேறு. தலை முதல் பாதம் வரை இரும்பு பூட்டியவர்களுக்கும் பெரும்பாலும் அந்த இடம் திறந்தேதான் இருக்கும், இல்லையென்றால் காலை மடக்குவது கஷ்டம். அங்கே தோலுக்கடியிலேயே பின்தொடைத் தசைநாண்கள், அவற்றுக்கிடையே காலுக்குப் போகும் பெரிய நரம்பு, ஆழத்தில் எலும்போடு ஒட்டி முழங்கால் தமனி. தசைநாண் அறுந்தால் அந்தக் காலை நம்பி எடையை வைக்க முடியாது, தமனி அறுந்தால் உயிருக்கே ஆபத்து.

களத்தில்

அறிவிப்பாளர்கள் எச்சரித்தார்கள்: யாரும் பேசக்கூடாது, இருமக்கூடாது, கையாலோ கண்ணாலோ சைகை காட்டக்கூடாது. இருவரும் உறுதிமொழி எடுத்தார்கள். விவோன் வேகவேகமாக முன்னேறினார், ழார்நாக் நிதானமாக வந்தார், கேடயத்தை ஏந்தியபடி. சில அடிகள் பரிமாறிக்கொண்டார்கள். அப்புறம் அந்தப் பாவ்லா, முதல் வெட்டு லேசாக, இரண்டாவது ஆழமாக.

ஏன் இரண்டு? எனக்கு இந்தச் சண்டையில் மிகவும் பிடித்த இடம் இதுதான். வாள் இடது முழங்காலின் பின்னே போய்ச் சேர இரண்டு வழி உண்டு. வலது காலைச் சாய்வாக வலப்புறம் வைத்து, நம் வலத்திலிருந்து இடமாக வரும் வெட்டை அவர் காலின் வெளிப்பக்கத்தைச் சுற்றி விழவைப்பது ஒன்று. வாளை முழங்காலைத் தாண்டி நீட்டி, மணிக்கட்டைத் திருப்பி, விளிம்பால் இழுத்து அறுப்பது இன்னொன்று. இரண்டிலுமே முதல் தடவை தூரம் சரியாக அமையாவிட்டால் தோலைத்தான் கீறும். ழார்நாக்குக்கு அப்படித்தான் ஆகியிருக்க வேண்டும். ஆனால் பட்டுவிட்டது என்று பின்வாங்காமலும், பிசகிவிட்டது என்று பதறாமலும், அதே கோணத்தில் அதே இடத்துக்கு உடனே மறுபடி போனார். எதிராளி அந்த முதல் கீறலை உணர்ந்து கேடயத்தை இறக்குவதற்குள். அன்று காலை தோன்றிய யோசனையாக இருந்தால் இரண்டாவது வெட்டு வந்திருக்காது. உடம்பில் ஊறிய ஒன்றுதான், முதல் முயற்சி பாதி பலித்தபோதும் தன்னால் தொடரும். கைசோ ஒரு மாதமாக என்ன சொல்லிக்கொடுத்தார் என்பதற்கு எனக்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

விவோன் விழுந்தார். சட்டப்படி ழார்நாக் அவரைக் கொல்லலாம். கொல்லவில்லை. என் மானத்தைத் திருப்பிக் கொடு, உயிரை வைத்துக்கொள் என்றார். விவோன் எழ முயன்றார், மறுபடி தாக்கவும் பார்த்தார். ழார்நாக் தள்ளி நின்றுகொண்டே மன்னரிடம் திரும்பி, இவர் உயிரை உங்களுக்குத் தருகிறேன், என்னை மானமுள்ளவனாக ஏற்றுக்கொள்ளுங்கள் என்று கேட்டார். மன்னர் பேசவில்லை. மறுபடி கேட்டார். மறுபடியும் கேட்டார். தன் ஆள் ரத்தம் வழியக் கிடக்கிறார், ஹென்றிக்கு வாய் வரவில்லை. மோன்மொரென்சியும் அரச குடும்பத்தவரும் தூண்டிய பிறகுதான் ஏற்றுக்கொண்டார். வென்றவர் களத்தைச் சுற்றி ஊர்வலம் போகும் உரிமை இருந்தும் ழார்நாக் வேண்டாம் என்றார்.

வாள் பயில்பவர்கள் இந்தப் பகுதியைக் கதையாகப் படித்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள், நான் இதையும் நுட்பத்தின் பகுதியாகவே பார்க்கிறேன். விழுந்து கிடப்பவரிடம் இன்னும் வாளும் குத்துவாளும் இருக்கின்றன, அவர் மல்லர், கைக்கு எட்டினால் முடிந்தது. அந்த நிலையில் மானம், மன்னிப்பு என்று பேசிக்கொண்டே தூரத்தை விட்டுக்கொடுக்காமல் நிற்பது சாமானியமில்லை. எத்தனை ஸ்பாரிங்கில், பட்டுவிட்டது என்று வாளைத் தாழ்த்திய அடுத்த நொடி திருப்பி வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறோம்.

விவோன் காயத்துக்குக் கட்டிய கட்டுகளைத் தானே பிய்த்தெறிந்தார், ரத்தம் போய் இறந்தார். அவர் ஏற்பாடு செய்திருந்த விருந்தைக் கூட்டம் புகுந்து சூறையாடியது. இனி இப்படியொரு சண்டைக்கு அனுமதி தருவதில்லை என்று ஹென்றி முடிவெடுத்தார். சண்டைகள் நிற்கவில்லை, மன்னர் முன்னால் நடந்தவை மறைவிடங்களுக்குப் போயின, 1626-ல் முதன்மை அமைச்சர் ரிஷ்லியூ காலத்துக் கடும் சட்டம் வரும் வரை, அதற்குப் பிறகும்கூட.

கள்ள அடியா?

பிரெஞ்சில் ழார்நாக்கின் பெயர் பின்னாளில் முதுகில் குத்தும் துரோகத்துக்கே அடையாளமாகிப்போனது. இது பெரிய அநியாயம். ஆயுதங்கள் எல்லாம் நடுவர்கள் முன் பார்க்கப்பட்டவை, இருவருக்கும் ஒன்றே. காலை வெட்டக்கூடாது என்று எந்த விதியும் இல்லை. அந்த அசைவு ஒன்றும் ரகசியமும் அல்ல, பதினொரு வருடம் முன்பே அச்சான பாடங்களில் அதன் உறவுக்காரர்கள் இருக்கிறார்கள். தோற்றவருக்குச் செல்வாக்கான நண்பர்கள் இருந்தார்கள், ஜெயித்தவருக்கு அவ்வளவு இல்லை. வென்ற பிறகு மூன்று முறை உயிர்ப்பிச்சை கொடுக்க முன்வந்த மனிதரின் பெயருக்கு வந்த கதி இது.

இன்றைய கூடத்தில் இதை எப்படிப் பயில்வது

நிறையப் போட்டிகளின் விதிகளில் பின்தலை, முதுகெலும்பு, பின்முழங்கால் மூன்றும் தடைசெய்த இலக்குகள். நியாயமான தடை. மழுங்கல் வாளானாலும் ஒரு கிலோ எஃகு வேகமாக வந்து அந்த இடத்தில் விழுந்தால் என்ன ஆகும் என்று மேலே எழுதியதைப் படித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, முழங்கால் காப்புகளும் முன்பக்கத்தையும் பக்கவாட்டையும்தான் மூடுகின்றன. ஆகவே ழார்நாக்கின் வெட்டை அசல் இடத்தில் அசல் வேகத்தில் யார்மேலும் செய்ய முடியாது, செய்யவும் கூடாது.

சரி, அப்படியென்றால் எதைப் பயில்வது? பலர் செய்வது மெதுவாக, சம்மதத்தோடு, எதிராளி கேடயத்தைத் தூக்கிக் காட்டியபடி நிற்க, காலைத் தொட்டுவிட்டு வருவது. அதனால் பெரிய பயன் இல்லை, கேடயம் போவது ஏற்கெனவே பேசிவைத்ததாகிவிடுகிறது. இந்த அசைவில் கடினமான பகுதியே கேடயத்தைத் தூக்க வைப்பதுதான். தலைக்குப் போகும் வீச்சு நிஜமாகவே தலைக்குப் போக வேண்டும், எதிராளி கேடயத்தைத் தூக்காவிட்டால் மாஸ்க்கில் விழ வேண்டும். பாவ்லா காட்டுகிறேன் என்று பாதியிலேயே கையை இழுத்துக்கொள்பவரின் வாளை அனுபவமுள்ளவர் யாரும் மதிப்பதில்லை. ஆகவே நான் முதலில் அதை மட்டும் தனியாகப் பயில்வேன், காலைப் பற்றிய நினைப்பே இல்லாமல், தடுத்தால் தடுக்கட்டும் இல்லாவிட்டால் விழட்டும் என்று. எதிராளி அந்த வீச்சுக்குப் பயந்து கேடயத்தைப் பெரிதாகத் தூக்கத் தொடங்கும்போதுதான் கீழே வழி திறக்கும்.

அடுத்தது தூரம். இரண்டு பேர் நின்று, ஒருவர் வெறுமனே முன்காலை வைப்பதும் இழுப்பதுமாக இருக்க, மற்றவர் எந்தக் கணத்தில் அந்தக் காலில் எடை இறங்குகிறது என்பதைப் பார்த்துப் பழக வேண்டும். எடை இறங்கிய காலைச் சட்டென்று தூக்க முடியாது, அந்தக் கணம்தான் வெட்டுக்கு. பாய்ந்து வரும் எதிராளி ஒவ்வொரு அடியிலும் அந்தக் கணத்தைக் கொடுத்துக்கொண்டே வருகிறார், விவோனும் கொடுத்தார்.

மூன்றாவது, ஆஃப்டர்ப்ளோ விதியோடு ஸ்பாரிங், அதாவது அடிபட்டவர் உடனே ஒரு பதிலடி கொடுக்கலாம் என்ற விதி. காலைத் தொட்டுவிட்டு மண்டையில் வாங்கினால் புள்ளி இல்லை என்று வைத்து ஆடிப் பாருங்கள், கால்வெட்டுகளில் முக்கால்வாசி அன்றே ஒழிந்துபோகும், மீதி இருப்பவை நல்ல வெட்டுகள். அதற்குப் பிறகு பெரிய கேடயம் சேருங்கள், அப்புறம் தலைக்கு விழும் லேசான பதிலடி கணக்கில்லை என்ற விதி சேருங்கள், கடைசியாக முழங்கையைக் கட்டுங்கள். ஒவ்வொன்றும் சேரும்போது அதே கால்வெட்டு எவ்வளவு தூரம் மலிவாகிக்கொண்டே போகிறது என்பது கண்கூடாகத் தெரியும். கைசோவும் ழார்நாக்கும் போட்ட கணக்கை நீங்களே போட்டுப் பார்ப்பது மாதிரி.

இலக்குக்கு முழங்காலின் பின்பக்கம் வேண்டாம், தொடையின் வெளிப்பக்கம் போதும், அதுவும் காப்பு போட்ட தொடை. வேகமாக ஆட வேண்டுமென்றால் பஞ்சு வாள் எடுத்துக்கொள்ளுங்கள். விளிம்பு சரியாகத் திரும்புகிறதா என்று பார்க்க முழங்கால் உயரத்தில் கட்டிய பழைய டயர் போதும், அதில் ஒரு வெட்டு என்று நிறுத்தாமல் எப்போதும் இரண்டாகவே பழகுங்கள், இரண்டாவது முடிந்ததும் வாள் தலைக்கு மேல் வந்து மூடியபடி வெளியே ஓர் அடி எடுத்து வைப்பது வரைக்கும்.